எண்பத்தேழாம் பக்கம்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
8 ஜனவரி 2025

அன்புள்ள வள்ளி அக்காவுக்கு,

இங்க நான் நல்லா இருக்கேன். கீழ்பென்னாத்தூர்ல அம்மாவும் அப்பாவும் நல்லா இருக்காங்க. அப்பா மல்லாட்டை விதைச்சு முடிச்சிட்டாரு, அம்மாவுக்கு முட்டி வலி கம்மி. நீயும் மாமாவும் எப்படி இருக்கீங்க? இத்தனை வருஷம் ஆகியும் தூத்துக்குடி தண்ணி உனக்கு ஒத்துக்கலைனு அம்மா சொன்னாங்க.

போன் இருக்கும்போது கூரியர்ல கடிதம் எதுக்குனு கேப்ப. உனக்குக் காகிதத்தைத்தான் காட்டணும், அதான். உள்ள ரெண்டு பக்கம் வெச்சிருக்கேன். ஒண்ணு 'அ', இன்னொண்ணு 'ஆ'. ரெண்டுலயும் விஷயம் ஒண்ணுதான். உங்க ஆஸ்பத்திரியில கத்தி கத்திரியெல்லாம் நீராவியில சுத்தம் பண்ற ஆட்டோகிளேவுக்கு எங்க கம்பெனி போட்ட கன்ட்ரோல் பாக்ஸை எப்படி இயக்கறதுனு. 'இங்கிலீஷ் புக்கை எவ படிப்பா'னு நீ திட்டினதுக்கு அப்புறம்தான் போன வருஷம் பூரா உக்காந்து அதோட சாப்ட்வேர் வழிகாட்டி 412 பக்கத்தையும் தமிழாக்கினேன். இப்ப அதைப் புத்தகமா ஆக்கணும். எந்தக் கருவியில ஆக்கறதுனு ஆபீஸ்ல தினமும் சண்டை.

என் பழைய கோப்பு வெப்சைட்டுக்கு எழுதற மாதிரி, < > கோணக் குறிகளுக்குள்ள கட்டளை போட்டு எழுதினது. அச்சுக்கு அது உதவாது. 'அ' பக்கம் எக்ஸ்.எம்.எல்.ங்கற எழுத்து முறையில பண்ணது. ரொம்பக் கறார். இது படி, இது எச்சரிக்கைனு ஒவ்வொரு வரிக்கும் பேர் வைக்கணும். ஆபத்தான ஒரு படிக்கு எச்சரிக்கை இல்லைனா புத்தகத்தையே வெளிய விடாது. ஆனா எல்லாத்துக்கும் கையால பேர் வைக்க ஆறு மாசம் ஆகும். எங்ககிட்ட இருக்கற அமைப்புல தமிழும் சரியா வரல, பாரு, கொம்பு தனியா நிக்குது. 'ஆ' பக்கம் மார்க்டவுன். ஒரு நட்சத்திரம், ஒரு கோடு, அவ்ளோதான் குறி. அதை லேடெக்னு ஒரு கருவி வாங்கி பக்கமா அடுக்கித் தருது. எழுத்து அவ்ளோ அழகு. ஆனா எது எச்சரிக்கை, எது சாதாரண வரினு அதுக்குத் தெரியாது.

எங்க முதலாளி பிரசாத் சார் 'ஆ'ங்கறாரு. எனக்கு 'அ' மேலயும் ஒரு கண்ணு. படிக்கப்போறவ நீ. நீ சொல்லு.

மாமாவுக்கு என் வணக்கம். தலைவலி தைலம் ஒண்ணும் அனுப்பியிருக்கேன்.

உன் தங்கச்சி,
கீர்த்தனா

*

தூத்துக்குடி
19 ஜனவரி 2025

அன்பு கீர்த்துவுக்கு,

உன் கடிதமும் தைலமும் வந்துது. நாங்க நல்லா இருக்கோம். தண்ணி பழகிடுச்சு, வெயில்தான் பழகல.

ரெண்டு பக்கத்தையும் மெஷின் பக்கத்துல வெச்சுப் பாத்தோம். பாத்தோம்னா நானும் கவிநிலாவும். அவ முன்ன துணி வெளுக்கற பிரிவுல இருந்தா, ஆறு மாசமா எங்க பிரிவு. இருபத்தாறு வயசு. என்ன கொடுத்தாலும் முழுசாப் படிப்பா, மாத்திரை அட்டையில இருக்கறதைக்கூட. அவ 'அ'வை எடுத்து, 'அக்கா, இதுல கட்டம் கட்டமா எச்சரிக்கை இருக்கு, நல்லா இருக்கு'ன்னா. எனக்குக் கண்ணு வலிச்சுது. கையில கையுறை, முகத்துல ஆவி, அந்த நேரத்துல கட்டத்தை யாரு தேடறது? 'ஆ'தான் சரி. எழுத்து பெருசா, வரி தெளிவா இருக்கு. அவகிட்டயும் அப்படியே சொல்லிட்டேன்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. எங்க மெஷின் பழசு. உங்க பாக்ஸ்தான் புதுசு. கதவைச் சக்கரம் சுத்தித் திறக்கறோம், தானாப் பூட்டிக்கிற வசதியெல்லாம் இல்ல. அதனால திறக்கற இடத்தை நல்லாத் தெளிவா எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவை ஞாயித்துக்கிழமை போய்ப் பாரு.

வள்ளி

*

வேங்கிக்கால்
16 பிப்ரவரி 2025

அன்பு அக்கா,

சவுக்கியமா? நாலு நாளா ஊர்ல கால் வைக்க இடமில்ல. பௌர்ணமிக்கு வந்த கூட்டம் இப்பத்தான் கலைஞ்சுது. ஆபீஸ் செங்கம் ரோட்ல காபிக் கடை மாடியில இருக்கா, அன்னிக்கு வேங்கிக்கால்ல இருந்து நடந்தே போனேன். அம்மாவைப் பாத்தேன், நல்லா இருக்காங்க.

'ஆ'னு முடிவாயிடுச்சு. நீ சொன்னதை அப்படியே பிரசாத் சார்கிட்ட சொன்னேன். 'படிக்கறவங்களே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன'ன்னாரு. மூணு வாரத்துல புத்தகம் வேணும்னாரு. 'மாத்தறப்போ ஏதாச்சும் விட்டுப்போகாதே?'னு கேட்டாரு. 'நான் பொறுப்பு சார்'னு சொன்னேன்.

சொன்ன மாதிரியே முடிச்சேன் அக்கா. பழைய கோப்புல இருந்த கோணக் குறிகளை எல்லாம் எடுத்துட்டு மார்க்டவுனா மாத்த ஒரு சின்ன புரோகிராம் நானே எழுதினேன். 412 பக்கம், நாலு செகண்ட்! கையால பண்ணியிருந்தா ஆறு மாச வேலை. சாரே எழுந்து வந்து பாத்தாரு. அச்சடிச்ச புத்தகத்துல என் பேர் ரெண்டாம் பக்கத்துல இருக்கு. அப்பா அதை எண்ணெய்க் கடைக்காரர்கிட்ட வரைக்கும் காட்டிட்டாராம்.

பதினோரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம். முதல் பிரதி உனக்கு.

அன்புடன்,
கீர்த்தனா

*

தூத்துக்குடி
2 மார்ச் 2025

அன்பு கீர்த்து,

புத்தகம் வந்துது. உன் பேரைப் பாத்து மாமா ரெண்டு தடவ படிச்சாரு. எனக்கு ஒடம்பு பரவால்ல. உனக்குச் சளி விட்டுதா?

கதவு திறக்கறது 87ஆம் பக்கத்துல இருக்கு. அதைப் பெருசா நகல் எடுத்து, பிளாஸ்டிக் ஒட்டி, மெஷினுக்கு எதிர்ச் சுவத்துல மாட்டிட்டேன். எனக்கு அது தேவைப்படாது, பதினாலு வருஷமா கை தானாச் செய்யுது. கவிநிலாவுக்கும் மத்தவங்களுக்கும்தான். 'சுவத்துல இருக்கற மாதிரி செய்ங்க, என்னைக் கூப்பிடாதீங்க'னு சொல்லியிருக்கேன். மேட்ரன் வந்து பாத்துட்டு, 'உங்க தங்கச்சியா எழுதினது?'னு கேட்டாங்க. எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா.

எல்லாருக்கும் என் அன்பு.

வள்ளி

*

வேங்கிக்கால்
17 மார்ச் 2025

அன்பு அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்க கண்ணு கலங்கிடுச்சு. நீ எப்படி இருக்க? சுவத்துல மாட்டின பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து போன்ல அனுப்பு. ஆபீஸ்ல ஒட்டி வைக்கணும். கவிநிலாவும் அதுல நிக்கட்டும். 'அ' பக்கத்தை அவ கேட்டாளே, அவளுக்கு இப்ப இது பிடிச்சிருக்கா?

உடனே அனுப்பு.

கீர்த்தனா

*

வேங்கிக்கால்
7 ஏப்ரல் 2025

அக்கா,

மூணு வாரம் ஆச்சு. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கற. மாமாவைக் கூப்பிட்டா, 'அவளுக்கு டியூட்டி ஜாஸ்தி'னு சொல்லிட்டு வெச்சிடறாரு. அம்மாகிட்ட மட்டும் ரெண்டு நிமிஷம் பேசியிருக்க. அம்மா, 'குரல் சரியில்ல'ங்கறாங்க. உடம்புக்கு ஏதாவதா? என் மேல கோவமா? புத்தகத்துல ஏதாவது பிடிக்கலையா? எதுவா இருந்தாலும் சொல்லு, நான் தாங்கிப்பேன்.

இங்க எல்லாரும் நலம். அப்பா மல்லாட்டை பிடுங்க ஆரம்பிச்சுட்டாரு.

கீர்த்தனா

*

தூத்துக்குடி
14 ஏப்ரல் 2025

கீர்த்துவுக்கு,

எல்லாருக்கும் சித்திரை வருஷப் பிறப்பு வாழ்த்து. எனக்கு ஒண்ணும் இல்ல. வேலைதான் ஜாஸ்தி. கவிநிலா கொஞ்ச நாளா வரல. அவ வேலையும் என் தலையில.

போட்டோ அனுப்ப முடியாது. சுவத்துக்கு வெள்ளையடிச்சாங்க, பக்கத்தைக் கழட்டி வெச்சாச்சு.

ஒரு விஷயம். எங்க அலமாரியில பழைய இங்கிலீஷ் புக் ஒண்ணு இருக்கு. அதே மாதிரி உங்க ஆபீஸ்லயும் யாராவது வெச்சிருக்காங்களா? சும்மாத்தான் கேக்கறேன்.

அப்பா வெயில்ல நிக்காம பாத்துக்கோ.

வள்ளி

*

வேங்கிக்கால்
25 ஏப்ரல் 2025

அன்பு அக்கா,

அப்பா அம்மா நல்லா இருக்காங்க. நான் அவ்ளோ நல்லா இல்ல.

திங்கக்கிழமை பிரசாத் சார் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. தெக்க ஒரு ஆஸ்பத்திரியில, நம்ம பாக்ஸ் போட்ட மெஷினைத் திறக்கும்போது ஒருத்தருக்கு நீராவி பட்டுடுச்சாம். இயக்கினவங்க அவசரப்பட்டதுதான் காரணம்னு ஆஸ்பத்திரியே சொல்லிடுச்சாம். ஆனா இன்சூரன்ஸ்காரங்க, வழிகாட்டியில எச்சரிக்கை சரியா இருக்குதுன்னு எழுதினவங்க கையெழுத்து வேணும்ங்கறாங்களாம். எந்த ஆஸ்பத்திரினு கேட்டேன். 'அது உனக்கு எதுக்கும்மா'ன்னாரு. முகத்தைப் பாக்காமச் சொன்னாரு.

87ஆம் பக்கத்தை எடுத்து நாலு தடவ படிச்சேன். ஆறாம் படி இப்படி இருக்கு: 'பச்சை விளக்கு எரிந்ததும் 60 டிகிரி இருந்தால் கையுறை அணிந்து கதவைத் திறக்கவும்.' வரி சரியாத்தான் இருக்கு. பிழை ஒண்ணும் இல்ல. ஆனாலும் என்னமோ இடிக்குது. நான் தமிழாக்கும்போது இந்தப் படி இவ்ளோ சின்னதா இருந்த மாதிரி ஞாபகம் இல்ல. மே அஞ்சாம் தேதிக்குள்ள கையெழுத்துப் போடணும்.

அக்கா, தெக்க எங்க பாக்ஸ் போட்ட ஆஸ்பத்திரி மூணுதான். அதுல ஒண்ணு உன்னுது. கவிநிலா ஏன் வரல? நீ ஏன் பழைய இங்கிலீஷ் புக்கைக் கேட்ட? வெள்ளையடிக்கறவங்க ஏப்ரல்லயா ஆட்டோகிளேவ் ரூமுக்கு வருவாங்க?

பதில் போடு. போன்ல வேணாம்னா எழுது.

கீர்த்தனா

*

தூத்துக்குடி
30 ஏப்ரல் 2025

கீர்த்து,

இதைப் படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடு.

மார்ச் இருபத்தொண்ணாம் தேதி மத்தியானம். ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து கருவி வேணும்னு அவசரப்படுத்தினாங்க. நான் சாப்பிடப் போயிருந்தேன். கவிநிலா மட்டும் ரூம்ல இருந்தா. பச்சை விளக்கு எரிஞ்சிருக்கு; சுத்தம் பண்றது முடிஞ்சுதுனு மட்டும்தான் அது சொல்லும். சுவத்தைப் பாத்திருக்கா. அறுபது டிகிரிக்கு ஜாஸ்தியா இருந்ததால முழங்கை வரைக்கும் போடற பெரிய கையுறையைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு சக்கரத்தைச் சுத்தியிருக்கா. உள்ள அழுத்தம் இறங்கவே இல்ல. கதவு பிடுங்கிக்கிட்டு வந்துது. கை கையுறையால ஓரளவு தப்பிச்சுது, வலது கை விரல் மட்டும் மாட்டி நசுங்கிடுச்சு. கழுத்தும் தோளும் இடது கன்னமும் வெந்துபோச்சு. நான் ஓடி வந்தப்போ கீழ உக்காந்துக்கிட்டு, 'அக்கா, நான் பாத்துத்தான் செஞ்சேன், பாத்துத்தான் செஞ்சேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தா.

அன்னிக்கு சாயங்காலமே பழைய இங்கிலீஷ் புக்கை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அழுத்தம் 0.1 பார்ங்கற அளவுக்குக் கம்மியா ஆகுற வரைக்கும் திறக்கவே கூடாதுனு அதுல ரெண்டு வரி இருக்கு. உன் பக்கத்துல அது இல்ல.

சுவத்துல இருந்த பக்கத்தைக் கழட்டிட்டேன். ஆபீஸ்லயும் ரூம்லயும் இருந்த உன் புத்தகத்தை எடுத்து என் பீரோவுல பூட்டிட்டேன். விசாரணையில கேட்டாங்க: 'எச்சரிக்கை எழுதி இருந்துதா? நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?' இருந்துதுன்னேன். சொல்லிக் கொடுத்தேன்னேன். கவிநிலா, அப்படி ஒரு வரி சுவத்துல இல்லவே இல்லைனு சொன்னா. சுவத்தைப் பாத்தாங்க, அங்க ஒண்ணுமே இல்ல. அவளை வேலையை விட்டு எடுக்கப்போறாங்க.

இதை நெனச்சு நான் தூங்காம கிடக்கறேன்னு எழுத மாட்டேன். நீ கேக்கவும் வேணாம். உன் பேர் அந்தப் புத்தகத்துல இருக்கு. அப்பா ஊர் பூராக் காட்டியிருக்காரு. உன்னை நான் தூக்கி வளத்திருக்கேன். அவளுக்குக் காயம் ஆறிடும், வேற ஆஸ்பத்திரியில வேலை கிடைக்கும். உனக்கு இது போச்சுன்னா போனதுதான். கையெழுத்துப் போட்டுடு. இதோட முடிஞ்சிடும்.

வள்ளி

*

வேங்கிக்கால்
6 மே 2025

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமை காலையில வந்துது. கிழிக்கல.

அன்னிக்கே ஆபீஸ் போய் பழைய கோப்பைத் திறந்தேன். நான் தமிழ்ல எழுதின ஆறாம் படி இது:

'பச்சை விளக்கு எரிந்ததும் < 0.1 பார் ஆகிவிட்டதா என்று திரையில் பார்க்கவும். ஆகாமல் கதவைத் திறக்கக் கூடாது. வெப்பம் > 60 டிகிரி இருந்தால் கையுறை அணிந்து கதவைத் திறக்கவும்.'

கம்மி, ஜாஸ்தினு காட்ட ரெண்டு குறி போட்டேன் பாரு, அந்தக் கோணக் குறியும் கட்டளைக்குப் போடற கோணக் குறியும் ஒண்ணுதான். குழப்பம் வரக்கூடாதுனுதான் பழைய கோப்புல அந்த ரெண்டையும் <, >னு வேற எழுத்தாப் பத்திரமா எழுதி வெச்சிருந்தேன். என் புரோகிராம் முதல்ல கட்டளைகளை அழிச்சுட்டு, அப்புறம் இதைக் குறியா மாத்தியிருக்கணும். நான் முதல்ல குறியா மாத்தினேன். அப்புறம் ஒரு கோணக் குறியில இருந்து அடுத்த கோணக் குறி வரைக்கும் இருக்கறதை எல்லாம் அழினு சொன்னேன். நடுவுல இருந்த எச்சரிக்கையைக் கட்டளைனு நெனச்சு அது அழிச்சிடுச்சு. முன்னாடியும் பின்னாடியும் இருந்தது ஒட்டிக்கிட்டு ஒரே வரியா, படிக்க நல்லாவே வந்துடுச்சு. ரெண்டு வரி வரிசை மாத்தி எழுதிட்டேன், அவ்ளோதான். நாலு செகண்டுனு உனக்குப் பெருமையா எழுதினேனே, அந்த நாலு செகண்ட்ல.

பழையதையும் புதுசையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டேன். 412 பக்கத்துல இருபத்துமூணு இடம். அதுல நாலு கதவு சம்பந்தப்பட்டது.

பிரசாத் சார் சென்னை போயிருந்தாரு. அவர் வர்ற வரைக்கும் நான் காத்திருக்கல. புத்தகம் போன பதினோரு ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணி, 87ஆம் பக்கத்தைப் பாத்து யாரும் கதவைத் திறக்க வேணாம், இருபத்துமூணு திருத்தம் வருது, தப்பு என்னுதுனு சொன்னேன். சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூரியர்லயும் அனுப்பினேன். உங்க மேட்ரனுக்கும் போயிருக்கு. ஒரு ஆஸ்பத்திரியில போன் எடுத்த நர்ஸ், 'எங்களுக்கும் ஒரு தடவ கதவு உதறுச்சு, நாங்கதான் சரியாச் செய்யலைனு நெனச்சோம்'னு சொன்னாங்க.

திங்கக்கிழமை சார் வந்தாரு. எல்லாத்தையும் அவர் முன்னாடி வெச்சு, இன்சூரன்ஸ் காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னேன். 'என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே'ன்னாரு. 'கேட்டிருந்தா நீங்க ரெண்டு நாள் யோசிச்சிருப்பீங்க சார், அந்த ரெண்டு நாள்ல யாராச்சும் கதவைத் திறந்திருப்பாங்க'ன்னேன். கத்தினாரு. கீழ காபிக் கடையில உக்காந்திருந்த வெள்ளைக்காரங்க எல்லாம் அண்ணாந்து பாக்கற அளவுக்குக் கத்தினாரு. எனக்கு வேலை இருக்கா இல்லையானு யாரும் சொல்லல. தினமும் போறேன்.

நான் எழுதினதுல உன் பேர் எங்கயும் இல்ல. பீரோவுல என்ன இருக்குனு நான் யார்கிட்டயும் சொல்லல. அதை நான் சொல்லக்கூடாது. நீதான் சொல்லணும்.

எனக்காகத்தான் செஞ்சேன்னு சொல்ற. அக்கா, என்னைக் கேட்டிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சுதான் நீ கேக்கல. 'அவளுக்குக் காயம் ஆறிடும்'னு எழுதியிருக்கியே, அந்த வரியை என்னால ரெண்டாம் தடவ படிக்க முடியல.

கவிநிலா வீட்டு விலாசத்தை அனுப்பு. நான் அவளுக்கு எழுதணும்.

கீர்த்தனா

*

தூத்துக்குடி
29 மே 2025

கீர்த்தனாவுக்கு,

அம்மா அப்பா நலம்தானே. இங்க மாமா நல்லா இருக்காரு.

விலாசத்தைத் தனித் தாள்ல எழுதி உள்ள வெச்சிருக்கேன். உன் கடிதம் வந்த பத்து நாளைக்கு நான் ஒண்ணும் பண்ணல. அதையும் உன்கிட்ட மறைக்க விரும்பல. மேட்ரன் கையில உன் திருத்தம் இருந்துது. என்னைப் பாக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி பாத்தாங்க, ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா அப்பவும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்னு நெனைக்கறேன்.

இருபதாம் தேதி அவ கட்டுப் பிரிக்க வந்தா. வராண்டாவுல எதிர்ல வந்தா. ஒதுங்கி எனக்கு வழி விட்டா, கீர்த்து. சீனியருக்கு வழி விடற மாதிரி. அன்னிக்கே வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து பக்கத்தையும் புத்தகங்களையும் எடுத்துட்டு வந்து மேட்ரன் மேசையில வெச்சேன். விசாரணையில சொன்னது பொய்னு எழுதிக் கொடுத்தேன். அவளைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. சிகிச்சையை முழுசா ஆஸ்பத்திரியும் உங்க கம்பெனியும் ஏத்துக்கிட்டாங்களாம், பிரசாத்னு ஒருத்தர் நேர்ல வந்து பேசிட்டுப் போனாரு. என்னை அந்த ரூம்ல இருந்து எடுத்துட்டாங்க. இப்ப ஸ்டோர்ல பஞ்சும் துணியும் கணக்குப் பாக்கறேன். பதினாலு வருஷம் செஞ்ச வேலை. கை சும்மா இருக்க மாட்டேங்குது.

அவ வீட்டுக்குப் போனேன். அவங்க அம்மா தண்ணி கொடுத்தாங்க. அவ உள் ரூம்ல இருந்து வெளிய வரல. தண்ணியைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

உன் மேல எனக்குக் கோவம் இருக்கு. எதுக்குனு எனக்கே சரியாச் சொல்ல வரல. கொஞ்ச நாள் எழுதாத. அப்புறம் எழுது.

வள்ளி

*

தூத்துக்குடி
24 ஜூன் 2025

மதிப்பிற்குரிய கீர்த்தனா அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் தேறி வருகிறேன். வலது கை விரல்கள் முழுசாக மடங்கவில்லை, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். கழுத்தில் தோல் இழுக்கிறது. வெயிலில் போகக் கூடாது என்கிறார்கள்.

உங்கள் கடிதமும் திருத்திய பக்கங்களும் வந்தன. கடிதத்தை மூன்று முறை படித்தேன். எப்படித் தப்பு நடந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது முதலில் புரியவில்லை. குறியும் கட்டளையும் ஒரே மாதிரி இருக்கும் என்பதை ஒரு தாளில் எழுதி, நடுவில் இருப்பதை நானே அடித்துப் பார்த்தேன். அப்போது புரிந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசாரணையில் நான் பார்த்ததை அப்படியே சொன்னேன். யாரும் நம்பவில்லை. வள்ளி அக்கா எச்சரிக்கை இருந்தது என்று சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான்தான் ஒரு வரியைப் படிக்காமல் விட்டிருக்கிறேன் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். ஒரு மாதத்துக்கு மேல், கண்ணை மூடினால் அந்தச் சுவர் வரும். அதில் அந்த வரியைத் தேடுவேன். சில சமயம் அது இருப்பது மாதிரியே தெரியும். வலியைவிட அதுதான் என்னைப் படுத்தியது. எதைப் படித்தாலும் சரியாகத்தான் படிக்கிறேனா என்று சந்தேகம். பேருந்து எண்ணைக்கூட அம்மாவிடம் கேட்டுத்தான் ஏறினேன். அந்த வரி அங்கே இல்லவே இல்லை என்று உங்கள் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் அது நின்றது.

வள்ளி அக்காவோடு நான் இன்னும் பேசவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று தெரியும். ஆனால் முடியவில்லை. நான் மறுபடி வேலைக்கு வந்தபோது ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். மன்னித்துவிட்டேன் என்று பொய்யாக எழுத விருப்பமில்லை.

இனிமேல் அந்தக் கறாரான முறையிலேயே புத்தகத்தை ஆக்கப்போவதாகவும், ஆறு மாதம் ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் பெயர் வைக்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்க்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். படிக்கிறேன். கருவி எவ்வளவு கறாராக இருந்தாலும், மெஷின் முன்னால் நிற்பவர்கள் ஒரு தடவை படிக்க வேண்டும்.

முதல் பத்துப் பக்கமும் கதவு திறக்கும் பக்கமும் பார்த்துவிட்டேன். பென்சிலில் குறித்திருக்கிறேன். கதவு திறக்கும் இடத்தில் ஆறாம் படி சரி. ஏழாம் படியில் 'சிறிது நேரம் காத்திருக்கவும்' என்று இருக்கிறது. எவ்வளவு நேரம்? நிமிடம் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கவிநிலா